முதல் சேர்மானம்

மாசக் கடைசி.
இன்னும் நாற்பத்திரண்டு பெட்டி விற்கவேண்டும்.
கல்லாற்றுப் பாலத்தில் காற்று
மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.
பின்னால் கட்டிய போத்தல்கள்
ஒன்றையொன்று இடித்துக் குலுங்குகின்றன.
பாத்திரத்துக்குப் பச்சை, நிலத்துக்கு மஞ்சள்,
கக்கூசுக்கென்று தனியாய் ஒரு நீலம்.
எல்லாவற்றிலும் எங்கள் கம்பனியின் அன்னம்
கழுத்தை வளைத்தபடி.

யசோதினிதான் தொடங்கினாள்.
அன்றைக்குக் கரண்ட் இல்லை.
டோர்ச் வெளிச்சத்தில் வாசிக்க வேறொன்றும் அகப்படாமல்
போத்தலின் பின்பக்கத்தை வாசித்தாள்.
"முதல் சேர்மானம் தண்ணியாமே."
பிறகு என் பக்கம் திரும்பினாள்.
"கல்முனையில இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும்
நீங்க தண்ணியா சுமந்துக்கு வாறீங்க?"

முன்னால் கடல்.
பின்னால் வாவி.
நடுவில் எங்கள் வளவுக் கிணறு.
எந்தக் கடைக்காரனுக்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு
அன்றைக்கு வாய் வரவில்லை.

முதல் வாளியில் தோடம்பழத் தோலும் சீனியும்.
எறும்பு குடும்பத்தோடு வந்து குடியேறியது.
மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூடிவைத்தாள்.
பதினொரு நாள்.
பன்னிரண்டாம் நாள் சாமம் இரண்டு மணிக்கு
அது வெடித்தது.

கண் திறக்குமுன்னமே
நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன்.
பக்கத்தில் அவளும்,
மகனின் தலைக்கு மேல் கையை விரித்தபடி.
வேலிக்கு அப்பால் புவிராசாவின் வீட்டில்
விளக்கு அணைந்தது. எரிந்ததல்ல, அணைந்தது.
நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.
பிறகுதான் மெல்ல வந்தது தோடம்பழ மணம்.
மகன் கேட்டான்,
"ஏன் எல்லாரும் கீழ படுத்திருக்கிறீங்க?"

அடுத்த கிழமை புவிராசாவின் மனிசி
ஒரு பை நிறையத் தேசிக்காய்த் தோல் தந்துவிட்டாள்.
"மூடியத் தளர்வா விடுகா" என்று மட்டும் சொன்னாளாம்.

இப்போது சரிவருகிறது.
தேசிக்காய்த் தோலை அவித்து அரைத்து
உப்பும் வினாகிரியும்.
அடிப்பிடித்த சட்டிக்குச் சிரட்டைக்கரி,
பழைய சாரத் துணியில் இரண்டு தரம் சலித்தது.
கண்ணாடிக்கு வெறும் வினாகிரித் தண்ணி.
எல்லாம் நல்லதென்று சொல்லமாட்டேன்,
நுரை வராது. நுரையில்லாமல் கழுவினால்
கழுவினதுமாதிரியே இல்லை என்று
பீங்கானை இரண்டாந்தரமும் எடுப்பவன் நான்தான்.
நுரையை நம்பித்தானே பதினாலு வருசம் விற்றேன்.

மருதமுனையில் இஸ்ஸதீன் காக்கா
பெட்டியின் மேல் விரலால் கோடு கீறிக் காட்டினார்.
"தூசியப் பாத்தியா மனே. போன மாசத்தது.
சனம் எடுக்குது, விலையப் பாக்குது, வைக்குது."
பில்லை நீட்டினேன்.
என் கையைப் பிடித்தவர் விடவில்லை,
மூக்கருகே கொண்டுபோனார்.
"உன்ட வீட்டில இதத்தான் பாவிக்கிறயா?"

கடைக்கு வெளியே ஓட்டோ ஒன்று போனது.
இன்னொன்றும் போனது.

"வினாகிரி புதுசா வந்திருக்கு," என்றார்.
"ரெண்டு போத்தல் கட்டவா?"
காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.
அன்றைய விற்பனை: பூச்சியம்.

இரவில் வெற்றுப் போத்தல்களில்
லேபல் உரிப்பது என் பங்கு.
தேங்காயெண்ணெயில் அப்பச்சோடா குழைத்துப் பூசி
பத்து நிமிசம் விட்டால் போதும்.
அன்னம் வால்பக்கத்தால் கழன்று வரும்.
கழுத்து மட்டும் கடைசிவரை பிடிவாதம்.
பாலையும் தண்ணீரையும் பிரித்தறியுமாம் இந்தப் பறவை.
லேபலில் எழுதியிருந்ததை
அதுவும் வாசித்திருக்காது.

விடிந்தால் இருபத்தொன்பதாந் திகதி.
கம்பனிச் சேர்ட் கொடியில் காய்கிறது,
அவள் வார்த்த சவர்க்காரத்தில் தோய்த்தது.
கொலர் வெளுத்திருக்கிறது.
பொக்கட்டடியில் பேனை மை கசிந்த வட்டம்
அப்படியே கிடக்கிறது.

"அதுக்கு இன்னும் ஒண்டும் கண்டுபிடிக்கல்ல,"
என்கிறாள் யசோதினி,
அரைத் தேசிக்காயை அதன்மேல் தேய்த்தபடி.